சிக்கன வீட்டில் ஒரு சனிக்கிழமை

இந்தக் காலத்து ஜனங்களுக்குக் குளிர்கிறதா இல்லையா என்பதைக்கூடச் சுவரைக் கேட்டுத்தான் சொல்லத் தெரிகிறது. மூக்கு நுனி நீலம் பாரித்திருக்கும், பல் தாளம் போடும். ஆனாலும் கைபேசியைத் தடவிப் பார்த்துவிட்டு, "இருபது டிகிரி காட்டுதே, குளிராதே" என்பான். கட்டின பெண்டாட்டி சொன்னால் நம்பமாட்டான். காசு கொடுத்து வாங்கி ஆணியில் மாட்டின பெட்டி சொன்னால் வேதவாக்கு.

ஆர்மஸ் லெப்பானன் இதை மனசுக்குள் வைத்துக்கொள்ளவில்லை. கனடாவின் தண்டர் பே போலீஸ் ஸ்டேஷன் வாசலில் கார் கிளம்பியதிலிருந்து வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே வந்தார்.

"பெருசு, கொஞ்சம் மூடிக்கிட்டு வாங்க," என்றாள் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த ப்ரூனா. "நீங்க விடற மூச்சுல கண்ணாடி முழுக்கப் பனி புடிச்சிருச்சு. ரோடு தெரியல. திட்டணும்னா மூச்சு விடாம திட்டுங்க."

"உன்னை யாரு ஓட்டை வண்டி வாங்கச் சொன்னது?"

"ஓட்டை வண்டிதான். ஆனா சொன்னா கேக்கும். உங்களை மாதிரி இல்ல."

ஆர்மஸுக்கு எழுபத்து மூன்று வயது. பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்ததோடு சரி. காட்டில் மரம் வெட்டினார். துறைமுகத்துச் சாராயக்கடையில் அடித்துக்கொள்கிறவர்களைத் தூக்கி வெளியே போட்டார். கடைசியில் கதவில் 'துப்பறிவாளர்' என்று எழுதி மாட்டினார். மூன்று வேலைக்கும் ஒரே தகுதிதான் வேண்டியிருந்தது: எவனையும் நம்பக் கூடாது. ப்ரூனா ஃபசோலினோ ஐம்பதைத் தாண்டிய முன்னாள் டாக்சிக்காரி, இப்போது அவருடைய உதவியாள். அவளை மட்டும் கொஞ்சம் நம்புவார். அதுவும் ஸ்டியரிங்கில் அவள் கை இருக்கும்போது.

இன்று அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. அவருடைய பல வருஷத்துச் சிநேகிதன் ரெய்னோ கெட்டுனன் மண்ணுக்குள் போய்விட்டான். மண்கூட இல்லை, இந்தக் குளிரில் குழி தோண்ட முடியாது என்று சவப்பெட்டியைப் பனி உருகும்வரை கிடங்கில் வைத்திருக்கிறார்கள். போன சனிக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை பொழுது சாய்ந்ததும் எவனோ அவன் சமையலறைக்குள் புகுந்து, விறகுக் கோடரியின் பின்பக்கத்தால் மண்டையைப் பிளந்திருந்தான். ஒரே அடி இல்லை. விழுந்த பிறகும் அடித்திருந்தான். ரத்தம் கூரை வரைக்கும் தெறித்திருந்தது. அப்பன் வீட்டில் வந்து தங்கியிருந்த மகள் இர்யாவைத் தாடை இரண்டாகப் போகும்படி அறைந்து, தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கொல்லைப் பனியில் எறிந்திருந்தான். பனி தள்ளும் வண்டிக்காரன் ஒருவன் விளக்கு வெளிச்சத்தில் ஒரு கையைப் பார்த்தான். அதனால் அவள் பிழைத்தாள்.

திருடர்கள் என்றது போலீஸ். இர்யாவின் புருஷன் என்றார் ஆர்மஸ்.

காரணம் இல்லாமல் சொல்லவில்லை. சாவதற்கு ஒரு வாரம் முன்பு சவுனாவில், அந்தப் பலகை அடித்த வெக்கை அறையில், வியர்வை வழிய உட்கார்ந்திருந்தபோது ரெய்னோ சொல்லியிருந்தான். "என் விறகுக் கொட்டகை என் மக வீட்டைவிடச் சூடா இருக்குடா ஆர்மஸ். கோட்டு மாட்டிக்கிட்டுப் பாத்திரம் கழுவறா. எதிர்த்து ஒரு வார்த்தை பேசினா, அந்த கிரெய்க் ஆபீஸ்ல உக்காந்த எடத்துலேயே போனை அழுத்தி வீட்டுச் சூட்டை எறக்கிவிட்டுடறான். கேட்டா மின்சாரச் சிக்கனமாம். நான் அவளைக் கூட்டியாந்துடப் போறேன்."

கூட்டிக்கொண்டும் வந்தான். செத்தும் போனான்.

இன்று காலை ஆஸ்பத்திரியில் இர்யாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் ஆர்மஸ். தாடையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள், பேச்சில்லை. தலையில் பட்ட அடியில் நடந்தது எதுவும் நினைவில்லை என்றார் டாக்டர். ஆனால் நர்ஸ் வந்து, "இன்னைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம், உன் வீட்டுக்காரர் கிரெய்க் வந்து கூட்டிட்டுப் போவார்" என்றதும், இர்யாவின் நகம் கிழவரின் உள்ளங்கையில் ரத்தம் வரும் மட்டும் இறங்கியது.

"நான் கூட்டிட்டுப் போறேன்," என்றார் ஆர்மஸ்.

"நீங்க ரத்த சொந்தமா?" என்றாள் நர்ஸ்.

ரத்தம் உள்ளங்கையில்தான் இருந்தது. சொந்தமில்லை. நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், மத்தியானம் தாண்டும் வரைக்கும் காத்திருந்து, சார்ஜன்ட் பெல்சரிடம் கையை விரித்துக் காட்டினார்.

"நகக்கீறலெல்லாம் சாட்சி ஆகாது ஆர்மஸ்," என்றான் பெல்சர். "அவன் வீடே சாட்சி சொல்லுது. எந்த நேரம் எந்த அறையில ஆள் இருந்தான், எந்த அடுப்பு எவ்வளவு மின்சாரம் இழுத்துச்சு, எல்லாம் பதிவாகியிருக்கு. அன்னைக்குச் சாயங்காலம் பூரா அவன் வீட்டு சவுனாவுலதான் இருந்தான். மனுஷன் பொய் சொல்லுவான். வீட்டுக்குப் பொய் சொல்ல என்னங்க தேவை?"

சாயங்காலத்துக்குள் அந்த வீட்டைப் பொய்யாக்கினால் இர்யா பிழைப்பாள். இல்லாவிட்டால் அப்பனைக் கொன்றவன் கையில் மகளையும் ஒப்படைத்துவிடுவார்கள். விஷயம் அவ்வளவுதான்.

"எறங்குங்க பெருசு," என்றாள் ப்ரூனா. "சிக்கனக் கோட்டை வந்தாச்சு."

காம் ஆற்றங்கரையில் தனியாக நின்றது அந்த வீடு. ஆறு உறைந்து வெள்ளை ரோடு மாதிரிக் கிடந்தது. அக்கரையில் ரெய்னோவின் வீட்டுப் புகைபோக்கி தெரிந்தது. ஆர்மஸ் அதைப் பார்த்தார், பிறகு இந்த வீட்டுப் பின்பக்கத்தில் பழைய சாவிப்பூட்டு மாட்டின நிலவறைக் கதவைப் பார்த்தார்.

அழைப்பு மணியை அழுத்துவதற்கு முன்பே கதவு பேசியது. "இரண்டு விருந்தினர்கள். கதவு திறக்கிறது. வெப்பம் வீணாகாமல் விரைவாக உள்ளே வரவும்."

"வாங்கன்னு சொல்லுதா, போய்த்தொலைன்னு சொல்லுதா?" என்றாள் ப்ரூனா.

கிரெய்க் டன்மோர் சிரித்துக்கொண்டே வந்தான். நாற்பது வயது, வழித்த முகம், மடிப்புக் கலையாத கறுப்புக் கால்சட்டை. மாமனார் செத்த துக்கம் சட்டைக் காலரில்கூடத் தெரியவில்லை. "சார்ஜன்ட் போன் பண்ணினார். நீங்க வருவீங்கன்னு சொன்னார். வாங்க வாங்க, என்ன வேணா கேளுங்க. அந்தத் திருட்டுப் பசங்க மாட்டினாப் போதும்."

அவன் நடக்க நடக்க முன்னால் விளக்கு எரிந்தது, பின்னால் அணைந்தது. கூடத்தைத் தாண்டியதும் கூடம் இருட்டு. சமையலறைக்குள் கால் வைத்ததும் சமையலறை வெளிச்சம்.

"ஆள் இருக்கற எடத்துல மட்டும்தான் விளக்கு, சூடு, எல்லாம்," என்றான் கிரெய்க் பெருமையாக. "யாரும் அசையலைன்னா தானா அணைஞ்சிடும். இந்தத் தெருவுலயே கம்மியா மின்சாரம் எரிக்கிற வீடு இதுதான்." சுவரில் ஒரு பித்தளைத் தகடு மாட்டியிருந்தது. சிக்கனத்துக்கு மின்சாரக்காரர்கள் கொடுத்த பரிசாம்.

"எங்க வீட்டுலயும் அப்படித்தான்," என்றாள் ப்ரூனா. "பில்லு கட்டலைன்னா தானா அணைஞ்சிடும்."

ஆர்மஸ் மேசை முன்னால் உட்கார்ந்தார். காப்பி வந்தது. குடிக்கவில்லை. கொலைகாரன் கொடுத்த காப்பி என்பதற்காக அல்ல. தண்ணியாக இருந்தது.

"தம்பி, எனக்குப் படிப்பு கம்மி," என்றார். "அந்த சனிக்கிழமை எங்க இருந்தே? போலீஸ் சொன்னது மண்டையில ஏறல."

"சவுனாவுலதான். கீழ நிலவறையில இருக்கு." கிரெய்க் சுவரிலிருந்த அகலமான கண்ணாடித் திரையைத் தொட்டான். வீட்டின் வரைபடம் வந்தது. "பாருங்க. எல்லா அறையிலும் ஒரு கண்ணு இருக்கு. ஆள் இருந்தா அந்த அறை மஞ்சளா மாறும், இல்லைன்னா நீலம். சனிக்கிழமை பொழுது சாயறப்ப நிலவறை மஞ்சளா இருக்கு, நான் கீழ எறங்கறேன். அப்புறம் வீடு பூரா நீலம். சவுனாவுக்கு மட்டும் கண்ணு கிடையாது, வெக்கையில பொசுங்கிடும். ஆனா அதோட அடுப்பு எவ்வளவு மின்சாரம் இழுத்துச்சுன்னு கோடு போட்டிருக்கு. ராத்திரிச் சாப்பாட்டு நேரம் வரைக்கும் அடுப்பு எரிஞ்சுது. அப்புறம் திரும்பவும் நிலவறை மஞ்சள், நான் வெளிய வரேன்."

"ஆக, வீட்டுலயே கண்ணு இல்லாத ஒரே அறையில உக்காந்திருந்தே."

"சனிக்கிழமையாச்சே. சவுனாவை விடலாமா? மாமனார்தான் பழக்கிவிட்டார்."

"நல்லாவே பழக்கினானா?"

"பின்னே! மூணு தடவை உள்ள, மூணு தடவை வெளிய வந்து ஆறிக்கறது. அடுப்பு மேல அடுக்கின கல்லுல கரண்டி கரண்டியாத் தண்ணி ஊத்துவேன். அந்த ஆவி முகத்துல அடிக்கும் பாருங்க, அதுக்கு ஈடே இல்ல. அவர் உங்க சிநேகிதர், உங்களுக்குத் தெரியாததா?"

ஆர்மஸ் தலையாட்டினார். முகத்தில் ஒன்றுமில்லை. "ப்ரூனா, என் கண்ணுக்கு அந்தக் கோடு தெரியல. எப்படி இருக்கு, சொல்லு."

அவள் திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தாள். "ஏறுது, எறங்குது. ஏறுது, எறங்குது. புதுச் சீப்பு மாதிரி. ஒரு பல்லுகூட முன்னபின்ன இல்ல."

"அதுக்கு முந்தின சனிக்கிழமை?"

"போலீஸ் எல்லாம் பாத்தாச்சு..." கிரெய்க் கையை நீட்டினான். அதற்குள் ப்ரூனாவின் விரல் திரையைத் தள்ளிவிட்டிருந்தது.

"ஐயய்ய, இது வேற மாதிரி. பல்லு உடைஞ்ச ரம்பம். ஒண்ணு நீளம், ஒண்ணு குட்டை, நடுவுல ரெண்டு ஒட்டிக்கிட்டு நிக்குது."

"அன்னைக்கு இர்யா இந்த வீட்டுல இருந்தா," என்றார் ஆர்மஸ். "சவுனாவுல அவதான் உக்காந்திருப்பா. தம்பி, வெறும் அறையில சூடு ஒரே சீராக் குறையும். அடுப்பும் ஒரே சீரா முழிச்சு முழிச்சுத் தூங்கும். அதான் சீப்பு. ஆள் உள்ள இருந்தா அப்படி நடக்காது. தண்ணி ஊத்தினாக் கல்லு குளிரும், அடுப்பு பதறிக்கிட்டு எழுந்து மின்சாரம் இழுக்கும். கரண்டி கரண்டியா ஊத்தினேன்னியே. எங்கடா அந்தக் கரண்டி?"

கிரெய்க்கின் சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் மாறியது. "அன்னைக்கு ஊத்தல. நினைவு தப்பிச் சொல்லிட்டேன். சில நாள் வறண்ட வெக்கையிலயே உக்காருவேன்."

"சரி. ஊத்தல. கதவு?"

"என்ன கதவு?"

"மூணு தடவை உள்ள, மூணு தடவை வெளிய. சவுனாக் கதவைத் திறந்தா பாதி வெக்கை காலுக்குக் கீழ ஓடிப்போயிடும். ஒவ்வொரு தடவையும் ஒரு பல்லாவது உடைஞ்சிருக்கணும். நீ ஆவியா மாறிக் கதவிடுக்குல பூந்தியா?"

 யாரும் அசையாததால் விளக்கு ஒரு முறை மங்கி, ப்ரூனா தலையைச் சொறிந்ததும் திரும்ப எரிந்தது.

"அடுப்பை மூட்டிவிட்டுட்டு, போனை இங்கேயே வெச்சுட்டு, இந்தச் சுவருக்குத் தெரியாத அந்தப் பழைய நிலவறைக் கதவு வழியா வெளிய போனே," என்றார் ஆர்மஸ். "உறைஞ்ச ஆத்தைத் தாண்டினா அக்கரை. என் சிநேகிதன் காப்பி ஊத்திக்கிட்டிருந்தான்."

கிரெய்க் மெல்லக் கை தட்டினான். "அழகா இருக்கு. கோர்ட்டுல போய்ச் சொல்லுங்க. பள்ளிக்கூடம் போகாத ஒரு மரவெட்டி, ஆவியைப் பத்திப் பாடம் நடத்தினார்னு பேப்பர்ல போடுவாங்க."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பெல்சர் இதைக் கேட்டு, யோசித்து, மேலதிகாரியைக் கேட்டு முடிப்பதற்குள் இர்யா இந்த வீட்டுக்கு வந்துவிடுவாள். ஆர்மஸ் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். ஆஸ்பத்திரி வாசலில் போய்ப் படுத்தாவது தடுக்க வேண்டியதுதான்.

"பெருசு," என்றாள் ப்ரூனா. அவள் குரலில் கிண்டல் இல்லை. திரையைத் தள்ளித் தள்ளி இன்றைய தேதிக்கு வந்திருந்தாள். வீட்டின் வரைபடம் மறுபடி நின்றது. "சமையலறை மஞ்சள், அது நாமதான். மாடியில இன்னொரு அறை மஞ்சளா இருக்கே?"

"பூனை," என்றான் கிரெய்க்.

"கறுப்புக் கால்சட்டை போட்டுக்கிட்டுப் பூனை வளக்கறீங்க. ஒரு முடிகூட ஒட்டலையே?" அவள் இன்னும் குனிந்தாள். "அந்த அறையில சூடு பூஜ்யத்துக்கும் கீழ காட்டுது. ஆள் இருக்கற எடத்துல சூடு வரும்னீங்க. இங்க மட்டும் கையால நிறுத்தி வெச்சிருக்கு. ஜன்னல் திறந்திருக்குன்னு வேற போட்டிருக்கு."

ஆர்மஸ் மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தார்.

"சாயங்காலம்னு சொன்னாங்களே," என்றார்.

"மத்தியானமே அனுப்பிட்டாங்க," என்றான் கிரெய்க். "கட்டில் பத்தலையாம். எனக்கும் வசதியாப் போச்சு. பாவம், உடம்பு தாங்கல, ஜன்னலைத் திறந்து போட்டுட்டுத் தூங்கிட்டா. மண்டையில அடிபட்டவ, என்ன செய்யறோம்னே தெரியாது. காலையில நான் பாத்துக் கதறுவேன். வீடும் அப்படித்தான் எழுதி வெச்சிருக்கும்."

சொல்லிக்கொண்டே அவன் கதவோரம் சாய்த்து வைத்திருந்த இரும்புக் கம்பியை எடுத்தான். படிக்கட்டில் உறைந்த பனியை உடைக்கிற கம்பி, நுனியில் உளி போலத் தட்டையாக இருக்கும். இந்த ஊரில் அது இல்லாத வீடு கிடையாது.

ஆர்மஸ் மாடிப்படியை நோக்கி ஓடினார். எழுபத்து மூன்று வயது ஓட்டம். இரண்டாவது படியில் முதல் அடி விழுந்தது. இடது மணிக்கட்டு காய்ந்த சுள்ளி மாதிரி முறிகிற சத்தத்தை அவரே கேட்டார். வலி பிறகுதான் வந்தது. உருண்டு கீழே விழுந்தார்.

ப்ரூனா காப்பிக் குடுவையை எடுத்து அவன் முகத்தில் வீசினாள். கண்ணாடி நெற்றியில் உடைந்தது. அவன் அலறிக்கொண்டு கம்பியைச் சுழற்றினான். அவள் தோளில் பட்டு அவளைச் சுவரோடு சேர்த்து அறைந்தது. பித்தளைத் தகடு கழன்று விழுந்தது. ப்ரூனா சரிந்து கிடந்தாள். எழுந்திருக்கவில்லை.

"சமையலறையில் அதிகச் சத்தம் கேட்கிறது," என்றது வீடு. "உதவி தேவையா?"

"கதவெல்லாம் பூட்டு!" என்று கத்தினான் கிரெய்க். முகத்தில் ரத்தமும் காப்பியும் கலந்து வழிந்தது.

எல்லாக் கதவும் ஒரே சமயத்தில் 'டக்' என்று பூட்டிக்கொண்டன. அந்தச் சத்தத்தில் ஆர்மஸ் நெளிந்து கூடத்துக்குள் புகுந்துவிட்டார். விளக்கு எரிந்தது. நேரே அவர்மேல். சோபாவுக்குப் பின்னால் விழுந்து, முறிந்த கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு மூச்சை அடக்கினார்.

மான் வேட்டைக்குப் போனவருக்கு அசையாமல் கிடக்கத் தெரியும். ஒரு தடவை பனியில் அப்படிக் கிடந்து மீசை உறைந்து மண்ணோடு ஒட்டிக்கொண்டது. இப்போதும் கிடந்தார். கண் இமைகூட அசையவில்லை.

கூடத்தில் ஆள் இல்லை என்று வீடு முடிவு கட்டியது. விளக்கு அணைந்தது.

வெளியே பொழுது இறங்கிவிட்டிருந்தது. கும்மிருட்டு. அந்த இருட்டில் சமையலறை வாசல் மட்டும் பளிச்சென்று எரிந்தது, அதில் கம்பியோடு கிரெய்க் நின்றான். ஓர் அடி வைத்தான். அவன் தலைக்கு மேல் விளக்கு எரிந்தது. இன்னோர் அடி. இன்னொரு விளக்கு. பகலாட்டம் வெளிச்சத்தில் அவன் வர, அந்த வெளிச்சத்துக்கு அப்பால் இருந்தது எதுவும் அவனுக்குத் தெரியவில்லை.

"யோவ் கிழவா," என்றான். "மரியாதையா வா. உன் சிநேகிதனுக்கு மூணாவது அடியிலதான் உயிர் போச்சு. உனக்கு ஒண்ணுலயே முடிச்சிடறேன்."

ஆர்மஸின் வலது கை தரையில் துழாவியது. சோபாவோரம் இருந்த கனமான விளக்குத் தண்டு கையில் பட்டது. சிக்கனக்காரன் எரிக்காமல் அலங்காரத்துக்கு வைத்திருந்த பழைய இரும்பு விளக்கு. அவனுடைய காலணி இரண்டு முழ தூரத்துக்கு வரும்வரை காத்திருந்தார். பிறகு படுத்த வாக்கிலேயே, மரத்தின் அடியில் முதல் வெட்டுப் போடுகிற மாதிரி, முழங்காலுக்குப் பக்கவாட்டில் வீசினார்.

மரம் முறியும் சத்தமும் எலும்பு முறியும் சத்தமும் அதிக வித்தியாசம் இல்லை.

கிரெய்க் விழுந்தான். விழுந்த வேகத்தில் கம்பியால் குத்தினான். உளி நுனி கிழவரின் விலாவில் கோட்டைக் கிழித்துக்கொண்டு இறங்கியது. ஆர்மஸ் அவன்மேல் ஏறி உட்கார்ந்து ஒற்றைக் கையால் அறைந்தார். ரெய்னோவுக்காக ஒன்று. மற்றவை எதற்கென்று யோசிக்கவில்லை. அவன் மூக்கு இருந்த இடம் தெரியாமல் போன பிறகும் கை நிற்கவில்லை.

"போதும் பெருசு!" ப்ரூனா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து அவர் காலரைப் பற்றி இழுத்தாள். தோள் ஒரு பக்கம் தொங்கியது. "செத்துட்டான்னா அவனுக்கு லாபம். எழுந்திருங்க. மாடியில அந்தப் பொண்ணு!"

மாடி அறைக் கதவு பூட்டியிருந்தது. "இதுக்கு யாருகிட்ட கெஞ்சணும்? சுவத்துக்கிட்டயா?" என்றாள் ப்ரூனா. ஆர்மஸ் யாரிடமும் கெஞ்சவில்லை. கிரெய்க்கின் கம்பியைக் கதவிடுக்கில் கொடுத்து முழு உடம்பையும் சாய்த்தார். விலாவிலிருந்து ரத்தம் காலணி வரைக்கும் இறங்கியது. நிலை பிளந்தது.

உள்ளே தரையில் பனி கணுக்கால் அளவு குவிந்திருந்தது. ஜன்னல் திரை விறைத்து அட்டை மாதிரி ஆடியது. ஆஸ்பத்திரி உடுப்போடு இர்யா மூலையில் சுருண்டிருந்தாள். வெறுங்கால். உதடு கருநீலம். நடுக்கம்கூட நின்றுபோயிருந்தது. அதுதான் மோசமான அறிகுறி என்று இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

ஆர்மஸ் ஜன்னலை அறைந்து சாத்தினார். ப்ரூனா தன் கோட்டைக் கழற்றிச் சுற்றி, அவளைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "இந்தாம்மா. என் உடம்புல கொழுப்பு நெறைய. இத்தாலிச் சாப்பாடு. உங்க வீட்டு எந்திரத்தைவிட நல்லாச் சூடு குடுக்கும்." பேசிக்கொண்டே இருந்தாள், அழுதுகொண்டும் இருந்தாள்.

வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு இர்யாவின் தோள் ஒருமுறை குலுங்கியது. மறுபடி குலுங்கியது. கம்பி கட்டின தாடையைத் தவிர உடம்பு முழுக்கக் கடகடவென்று ஆட ஆரம்பித்தது. நடுக்கம் திரும்பி வந்துவிட்டது.

ஆர்மஸ் சுவரில் சாய்ந்து மெல்லக் கீழே உட்கார்ந்தார்.

ப்ரூனா கைபேசியில் கூப்பிட்ட போலீஸ் வண்டிகள் வந்து கதவை உடைத்தபோது வாசல் முழுக்கச் சிவப்பும் நீலமுமாகச் சுழன்றது. கிரெய்க்கை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். கூடத்தில் அவன் பேசினது, மூணாவது அடி, உயிர் போனது எல்லாவற்றையும் வீடு பதிவு செய்து வைத்திருந்ததாம். சார்ஜன்ட் பெல்சருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"பாத்தீங்களா ஆர்மஸ்? கடைசியில வீடுதான் அவனைக் காட்டிக் குடுத்துச்சு. என்ன ஒரு மூளை! அடுத்த மாசம் என் வீட்டுலயும் மாட்டப்போறேன்."

"இதே மூளைதான் மத்தியானம் அவனுக்குச் சாட்சி சொல்லுச்சுன்னே."

"அது... நாம சரியாக் கேக்கல."

"அவன் கேட்டப்பவும் தலையாட்டுச்சு. நாம கேட்டப்பவும் தலையாட்டுது. நாளைக்கு வேற எவன் கேட்டாலும் ஆட்டும். அந்தப் பொண்ணு மாடியில விறைச்சுக்கிட்டுக் கெடந்தப்ப, சூடு மிச்சம்னு கணக்குத்தானேடா எழுதிக்கிட்டிருந்துச்சு?"

பெல்சர் தொப்பியைச் சரிசெய்துகொண்டான்.

ஆம்புலன்சில் இர்யாவைக் கம்பளியில் சுற்றி உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்தில் ப்ரூனா, தோளில் கட்டோடு. ஆர்மஸின் விலாவுக்குத் துணி வைத்து அழுத்தினவன் அவரையும் ஏறச் சொன்னான். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இர்யாவின் கண் எதையோ தேடியது. வண்டிச் சுவரில் சூட்டைக் கூட்டிக் குறைக்கிற திருகு ஒன்று இருந்தது. கம்பளிக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. விரல்கள் வீங்கி, சொன்னபடி கேட்காமல், திருகை எட்டித் தொட்டன.

"அதைத் தொடாதீங்கம்மா, தானாவே சரி பண்ணிக்கும்," என்றான் ஆம்புலன்ஸ்காரன்.

"கையை எடுக்கச் சொல்லாதே," என்றார் ஆர்மஸ். அவர் சொன்ன விதத்தில் அவன் இரண்டடி பின்னால் போனான்.

இர்யா திருகினாள். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. இதற்கு மேல் போகாது என்கிற மட்டும் திருகினாள். சூடான காற்று புஸ்ஸென்று வந்தது. அவள் அந்தத் திருகிலிருந்து கையை எடுக்கவே இல்லை. கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக் கம்பளியில் விழுந்தது, இந்தத் தடவை உறையாமல்.

"ஆர்மஸ்!" பெல்சர் பின்னாலிருந்து கூப்பிட்டான். "உங்க வயசுக்காரங்களுக்குன்னே சின்னதா ஒண்ணு வந்திருக்காம். பேச்சு கீச்சு கிடையாது. வீட்டுச் சூட்டை மட்டும் பாத்துக்கும். நல்லதுதாங்க. யோசிச்சுப் பாருங்க!"

ஆர்மஸ் திரும்பிப் பார்க்கவில்லை. யோசிக்கவும் இல்லை. விலாவை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, நல்லதாம் என்று பனியில் காறித் துப்பிவிட்டு, ஆம்புலன்சுக்குப் பின்னாலேயே போக, சொன்னபடி கேட்கும் ப்ரூனாவின் ஓட்டை வண்டியை நோக்கி நடந்தார்.